சத்தமில்லாமல் வாசித்தவள்

இப்போது பிள்ளைகள் செல்போனுக்கு வாசித்துக் காட்டுகிறார்கள். டீச்சர் போனை முகத்துக்கு நேரே பிடிக்கிறார். பிள்ளை ஒரு பத்தி வாசிக்கிறது. எத்தனை சொல் சரி, எத்தனை சொல் தவறு என்று போனே சொல்லிவிடுகிறது. நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த ஏற்பாடு இது. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக வாசிக்கக் கேட்பது எவ்வளவு பெரிய பாடு என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் கவிதா போனில் பேசினார். நான் ஓய்வு பெற்றபோது என் வகுப்பை வாங்கிக்கொண்ட சின்ன வயது ஆசிரியை.

"டீச்சர், ஒரு பிள்ளை போனைப் பாத்தா வாயே திறக்க மாட்டேங்குது. போன்ல சைபர்னு காட்டுது. ஆனா அதுக்குப் படிக்கத் தெரியும்னு என் மனசு சொல்லுது. உங்க காலத்துல இந்த மாதிரி பிள்ளைகள என்ன செஞ்சீங்க?"

சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவருக்கு மணி அடித்துவிட்டது. "எழுதியே குடுத்துருங்க டீச்சர், நிதானமாப் படிச்சுக்கிறேன்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல்காரி. ஆசிரியப் பயிற்சியும் இங்கேதான். இரண்டு வருடம் வண்ண அட்டை வெட்டினோம், பாடத் திட்டம் எழுதினோம், முன்கூட்டியே பதில் சொல்லிக்கொடுத்துத் தயாராக வைத்திருந்த பிள்ளைகளுக்கு மாதிரிப் பாடம் நடத்தினோம். வேலை எப்படி என்பதை நான் கற்றது முதல் பள்ளியில்தான். கொடைரோட்டில் இறங்கி, இன்னொரு பேருந்து பிடித்துப் போக வேண்டிய ஊர். நாலு பக்கமும் மல்லிகைத் தோட்டம். விடிவதற்கு முன்பே பூப்பறிக்கப் போய்விட்டு வரும் பிள்ளைகள், முதல் பாடவேளையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிழும். வகுப்பே பூ வாசமாக இருக்கும்.

தலைமை ஆசிரியர் பெயர் வேலுச்சாமி. ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக்கூட 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவார். "ஏனுங்க கண்ணு, மூக்கைத் தொடச்சுக்குங்க" என்பார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. அவர் தலை மறைந்ததும் ஒருவருக்கொருவர் "ஏனுங்க" போட்டுச் சிரித்துக்கொள்ளும். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. ஆனால் சாக்பீஸ் விஷயத்தில் மகா கஞ்சர். விரல் நகம் அளவுக்குத் தேய்ந்த துண்டைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் புதியது கிடைக்கும்.

ஆசிரியர் பாடம் நடத்தும்போது அவர் வகுப்புக்குள் வர மாட்டார். வராண்டாவில் நடப்பார். சன்னலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பார், போய்விடுவார்.

சேர்ந்த புதிதில் எனக்கு இரண்டாம் வகுப்பு. என் பிள்ளைகள் மணி மணியாக வாசிக்கிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை. ஒரு நாள் ஒரு பையன் எழுந்து நின்று பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தான். சன்னல் வழியே காற்று அடித்துப் பக்கம் புரண்டது. அவன் நிறுத்தவே இல்லை. புரண்ட பக்கத்தில் கண்ணை வைத்துக்கொண்டு, பழைய பக்கத்தைத் தடங்கல் இல்லாமல் முடித்துவிட்டு உட்கார்ந்தான்.

சன்னல் ஓரத்தில் வேலுச்சாமி சார் நின்றிருந்தார். இடைவேளையில் வந்து கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், புள்ளைங்க வாசிக்குதுங்களா, ஒப்பிக்குதுங்களா?"

"ஒப்பிக்குதுக சார். நானும் இன்னைக்குத்தான் பாத்தேன்."

"காத்துக்கு ஒரு நன்றி சொல்லிப்போட்டு, முதல்ல இருந்து ஆரம்பிங்க" என்றார்.

அவர் முறை தனி. அ, ஆ என்று அகரவரிசையில் போக மாட்டார். எழுதச் சுலபமான ட, ப, ம, ய முதலில். ட என்றால் ஒரு கோடு கீழே, ஒரு கோடு பக்கத்தில். அந்த நாலு எழுத்து வந்ததுமே புள்ளி வைத்துச் சொல் எழுதலாம்: படம், மடம், பட்டம், மட்டம். இரண்டாவது வாரத்திலேயே பிள்ளை ஒரு முழுச் சொல்லை வாசித்துவிடும். அந்தச் சந்தோஷம் போதும், மற்றதை அதுவே இழுத்துக்கொண்டு போகும். கெ, கே எழுத வரும்போதுதான் சிக்கல். கொம்பு முன்னால் நிற்கும், அதன் ஒலியோ பின்னால் வரும். இடமிருந்து வலமாகப் போகிற பிள்ளை முதலில் கொம்பைப் பார்த்துத் திகைத்துவிடும். அங்கே மட்டும் ஒரு வாரம் கூடுதலாக நிற்கச் சொல்வார். எங்கள் பக்கம் மழை 'மளை'தான், பழம் 'பளம்'தான். பிள்ளை பேசுகிறபடி எழுதினால் அடித்துத் திருத்தாதீர்கள், காது கேட்டதைக் கை சரியாக எழுதியிருக்கிறது, அடுத்து கண்ணுக்குப் பழக்குங்கள் என்பார்.

கணக்குக்குக் குச்சி. விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்து, பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு பெரிய கட்டு. 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று நான் சொல்லிக் கொடுத்தபோது ஒரு பிள்ளை, "எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கணும்?" என்று கேட்டது. சாரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தச் சொல்லே வேண்டாமுங்க. யாரும் கடன் வாங்கலை. கட்டைப் பிரிக்கிறோம், அவ்வளவுதான்" என்றார். அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை என் வகுப்பில் யாரும் கடன் வாங்கவில்லை, கட்டைத்தான் பிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை அவருடையது. பிள்ளைகள் ஒவ்வொன்றாக அவர் அறைக்குப் போகும். புத்தகத்தில் அவர் கைக்கு வந்த பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பிள்ளை வாய்விட்டு வாசிக்க வேண்டும். "கண்ணைத் தொறந்து வெச்சா புள்ளை மூஞ்சியைப் பாத்து ஏமாந்துருவேனுங்க" என்பார். அவர் காதால் கேட்டு ஒப்புக்கொண்டால்தான் அடுத்த வகுப்பு.

அந்தப் பள்ளியில் எனக்குச் சில வருடம் ஆனபோது நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டேன். அப்போது நாலாம் வகுப்புக்கு வந்தவள்தான் நாகஜோதி.

சிறுமலையில் இருந்து இறங்கி வந்த குடும்பம். அங்கே அப்பாவுக்கு வாழைத்தார் சுமக்கிற வேலை. இடுப்பில் அடிபட்டதால் சுமக்க முடியாமல் கீழே வந்து, திண்டுக்கல்லில் ஒரு குடோனில் காவலுக்குச் சேர்ந்தார். வாரத்துக்கு ஒரு முறைதான் வீட்டுக்கு வருவார். அம்மா பஞ்சவர்ணம் பூப்பறிக்கப் போனார். நாகஜோதிக்கு ஒரு தம்பி, பள்ளி வயது ஆகாதவன்.

வருகைப் பதிவில் பெயரைக் கூப்பிட்டால் பிள்ளைகள் "உள்ளேன் டீச்சர்" என்பார்கள். நாகஜோதி பெயர் வந்ததும் சத்தம் இருக்காது. அவள் எழுந்து நிற்பாள், அவ்வளவுதான். முதல் நாள் நான் மறுபடி கூப்பிட்டபோது வகுப்பே சேர்ந்து, "அது பேசாது டீச்சர்!" என்றது. கேலி இல்லை. எனக்கு விவரம் தெரியாதே என்று உதவி செய்தார்கள்.

மூன்றாம் வகுப்பின் பாதியில் இங்கே சேர்ந்தவள், அந்தப் பாதி வருடமும் வாய் திறக்கவில்லையாம். பாதியில் வந்த பிள்ளை என்று சார் அந்த ஒரு முறை மட்டும் வாசிக்கக் கேட்காமலே நாலாம் வகுப்புக்கு அனுப்பியிருந்தார். கேட்டால் தலையைக்கூட ஆட்ட மாட்டாள். மிரட்டினால் கண்ணில் தண்ணீர் கட்டும். கொஞ்சினால் இன்னும் இறுகுவாள். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து அச்சு மாதிரி எழுதுவாள். ஆனால் பார்த்து எழுதுவது படம் வரைகிற மாதிரிதானே! அதை வைத்து வாசிக்கத் தெரியும் என்று எப்படிச் சொல்வது?

அந்த வருடம் எங்கள் வட்டாரத்தில் மருத்துவ முகாம் நடந்தது. நாகஜோதியையும் கூட்டிப்போனார்கள். பின்னால் நின்று கை தட்டினார்களாம், மணி அடித்தார்களாம். அவள் திரும்பவில்லை. பெயர் கேட்டார்கள், சொல்லவில்லை. காது கேளாத, வாய் பேசாத குழந்தை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வெளியூரில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளி இருந்தது. அடுத்த ஜூனில் அங்கே சேர்க்கலாம் என்றார்கள். அவள் அப்பாவும் சரி என்று சொல்லிவிட்டார்.

வேலுச்சாமி சார் பஞ்சவர்ணத்தை வரச் சொன்னார். நானும் இருந்தேன். அந்த அம்மா பூக்கூடையைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"உக்காருங்கம்மா. அந்தப் பள்ளிக்கூடத்துல நல்லாப் பாத்துக்குவாங்க. கையால பேசறதுக்குச் சொல்லிக் குடுப்பாங்க. இங்க இருந்தா நம்மளுக்கு ஒண்ணும் பண்ணத் தெரியலைங்க."

"ஐயா, அது பேசும்யா. வீட்ல அம்புட்டுப் பேசும். வாய் ஓயாது. செத்த நேரம் சும்மா இருடின்னு நாந்தான் சத்தம் போடுவேன். பள்ளிக்கூடத்து வாசல மிதிச்சதும் என்னமோ ஆயிருது. என்ன செஞ்சாலும் வர மாட்டேங்குது. ஊமைன்னு கொண்டுபோய் விட்டுட்டு நான் எப்படிய்யா சோறு திம்பேன்?"

சார் மேசை மேல் இருந்த தாள்களை அடுக்கினார். அவர் நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. பெற்ற மனசு அப்படித்தான் சொல்லும் என்று நினைத்திருப்பார். உண்மையைச் சொன்னால், எனக்கும் பாதி நம்பிக்கைதான். அந்த அம்மா எழுந்து என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், நீங்க ஒரு நா வெள்ளன வாங்க, தோட்டத்துப் பக்கம். நீங்களே கேளுங்க. அது கண்ணுல மட்டும் பட்ராதீங்க."

மறுநாள் முதல் பேருந்தில் கிளம்பினேன். ஊருக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி வாய்க்கால் வழியாக நடந்தேன். அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. மல்லிகைச் செடிகள் இடுப்பு உயரம். வரிசைக்கு வரிசை ஆட்கள் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சவர்ணம் என்னைப் பார்த்ததும் கண்ணாலேயே ஒரு பக்கம் காட்டினார். அங்கே ஒரு பம்புசெட் அறை. அதன் சுவர் ஓரமாக நின்றேன்.

அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது.

"எல்லாரும் புத்தகத்த எடுங்க. பேசுனா வெளிய போயிரு. ஏன் முழிக்கிற? இங்க பாரு. ஒத்தக் கொம்பு போட்டா கெ. ரெட்டக் கொம்பு போட்டா கே. எங்க, சொல்லு!"

ஒரு சின்னப் பையன், "கெ" என்றான்.

"நீட்டிச் சொல்லு. வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

அது என் குரல். நான் வகுப்பில் பேசுகிற அதே ராகம், அதே இழுவை, கொழுக்கட்டை உட்பட. வாய்க்கால் மணலில் குச்சியால் எழுதித் தம்பிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள் நாகஜோதி. நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் போல இருந்தது, ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் என்னைக் கண்டால் அந்தக் குரல் தோட்டத்திலும் நின்றுபோகுமோ என்று பயமாக இருந்தது. வந்த வழியே திரும்பிச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். சேலைக் கரையெல்லாம் சேறு.

சாரிடம் போய்ச் சொன்னேன். "சார், அது பேசுது. என்னைய மாதிரியே பேசுது."

முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க கேட்டது அந்தப் புள்ளைக்குத் தெரிய வேண்டாமுங்க. தெரிஞ்சா, ஒளிஞ்சிருந்து கேட்டுட்டாங்கன்னு இன்னும் உள்ள போயிரும்."

"அப்ப அந்தப் பள்ளிக்கூடம்?"

"பம்புசெட்டுக்குப் பின்னாடி கேட்டேன்னு சொன்னா யாருங்க ஒத்துக்குவாங்க? அது இங்க படிக்குதுன்னு நான் எழுதிக் குடுக்கோணும். நான் பாக்காம எழுத மாட்டேன், அது உங்களுக்கே தெரியும். லீவு விடறதுக்குள்ள அந்தப் புள்ளைக்கு வாசிக்கத் தெரியும்னு எனக்குக் காட்டுங்க. காதுக்குக் காட்ட முடியலைன்னா கண்ணுக்குக் காட்டுங்க."

பேருந்தில் வீடு திரும்பும் வழியெல்லாம் அதே யோசனை. சத்தம் போடாமல் வாசித்தால், வாசித்தது நமக்கு எப்படித் தெரியும்? எனக்கு எதிர் இருக்கையில் ஒருவர் பீடியை எடுத்தார். 'புகை பிடிக்காதீர்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தார், மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. வாசித்தார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தை வெட்டி அட்டையில் ஒட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டளை. எழுந்து நில். சன்னலைச் சாத்து. பலகையை அழி. நாகஜோதிக்கு மட்டும் கொடுத்தால் அவளைத் தனியாக நிறுத்திய மாதிரி ஆகிவிடும். அதனால் வகுப்புக்கே ஒரு விளையாட்டு என்றேன். மத்தியானம் முதல் பாடவேளையில் யாரும் பேசக் கூடாது, நானும் பேச மாட்டேன். அட்டை யார் கைக்கு வருகிறதோ அவர் அதில் இருப்பதைச் செய்ய வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. பூனை மாதிரி நட என்ற அட்டைக்கு அடிதடியே நடந்தது, அதுவும் சத்தமில்லாமல்.

நாகஜோதி முதலில் அட்டையை வாங்குவாள், பார்ப்பாள், மடியில் கவிழ்த்து வைத்துக்கொள்வாள். நான் ஒன்றும் கேட்காமல் அடுத்தவரிடம் போய்விடுவேன். பல நாள் இப்படியே போனது. எனக்கே மனம் தளர்ந்தது. ஒரு நாள் அவள் கையில் 'தண்ணீர் குடி' என்ற அட்டையைக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். பின்னால் பானை மூடி திறக்கிற சத்தம். திரும்பிப் பார்க்காமல் காதை மட்டும் தீட்டிக்கொண்டேன். தம்ளரில் மொண்டாள், குடித்தாள், மூடினாள், வந்து உட்கார்ந்தாள். வகுப்பில் யாரும் கவனிக்கவில்லை. யாரும் கவனிக்காததுதான் அவளுக்குத் தேவைப்பட்டது என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

அதன் பிறகு அவள் நிற்கவில்லை. நான் கட்டளைகளை நீட்டினேன். 'கொடு', 'கோடு' வித்தியாசம் தெரிய, 'கோடு போட்டு என்னிடம் கொடு' என்று எழுதினேன். 'இரண்டாம் வரிசையில் சிவப்பு ரிப்பன் கட்டியவளின் சிலேட்டைத் துடை.' 'எட்டில் மூன்று போனால் மீதி எத்தனையோ அத்தனை முறை குதி.' அவள் எண்ணிக் குதித்தாள். இரட்டைச் சடையும் சேர்ந்து குதித்தது.

பிறகு ஒரு நாள் என் மேசையில் ஒரு காலண்டர் துண்டு கிடந்தது. குண்டு குண்டான எழுத்து. 'டீச்சர் உட்காரு.'

நான் எழுதியதெல்லாம் நில், சாத்து, அழி என்றுதானே! அதைப் பார்த்து அதே மாதிரி எழுதியிருக்கிறாள். நான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு துண்டு வந்தது. 'எந்திரி.' எழுந்தேன். மறுபடி 'உட்காரு.' வகுப்பு மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. நாகஜோதி சிரித்தாள். பல் தெரிய அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். வராண்டாவில் போன வேலுச்சாமி சார், நான் தனியே உட்கார்ந்து உட்கார்ந்து எழுவதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார்.

விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவளை அவர் அறைக்குக் கூட்டிப்போனேன். பஞ்சவர்ணத்தை வராண்டாவிலேயே நிற்கச் சொல்லியிருந்தேன். என் அட்டைகளை நீட்டினேன். சார் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"இதெல்லாம் அது பாத்த அட்டைங்க. நான் எழுதறேன்."

எனக்கும் தெரியாதபடி மறைத்து ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுத்தார். நாகஜோதி அதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு போய் மூலையில் இருந்த அவருடைய குடையை எடுத்தாள். எடுத்து என்னை நோக்கி வந்தாள். குடையைக் கொடுக்கத்தான் சொல்லியிருப்பார் என்று நான் கையை நீட்டிவிட்டேன். அவள் நின்றாள். மறுபடி தாளைப் பார்த்தாள். என் கையை விட்டு விலகிப் போய் நாற்காலிக்கு அடியில் குடையை வைத்தாள்.

சார் தாளை என்னிடம் தந்தார். 'என் குடையை எடுத்து, டீச்சர் கையில் கொடுக்காமல், நாற்காலியின் கீழே வை.'

நான் கை நீட்டியதை நினைத்து எனக்கு உயிரே போய் வந்தது.

அடுத்த தாளை எழுதினார். மேசை மேல் புது சாக்பீஸ்களை எண்ணி வைத்தார். ஏழு சாக்பீஸ். 'இவற்றைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியை டீச்சரிடம் கொடு.' நாகஜோதி மூன்றை இந்தப் பக்கம் நகர்த்தினாள், மூன்றை அந்தப் பக்கம் நகர்த்தினாள். நடுவில் ஒன்று மிஞ்சியது. அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முழு சாக்பீஸை எடுத்து இரண்டாக ஒடித்தாள்.

"அடடா, புது சாக்பீஸுங்க!" என்றார் சார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். பிறகு எழுந்து வராண்டாவுக்குப் போய், "அம்மா, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் எழுதிப் போட்டுடறேனுங்க. உங்க புள்ளை இங்கயே படிக்கட்டும். நல்லாப் படிக்குதுங்க" என்றார். பஞ்சவர்ணம் அங்கேயே சுவரில் சாய்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஐந்தாம் வகுப்பிலும் அவள் பேசவில்லை. நான் கேட்கவும் இல்லை. காலண்டர் துண்டுகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. கேள்விக்குச் சிலேட்டில் பதில் எழுதித் தூக்கிக் காட்டுவாள். வருகைப் பதிவில் எழுந்து நிற்பாள். இதுவே போதும் என்று நான் நினைத்திருந்தேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த ஒரு காலை. பலகையில் ஐநூற்று மூன்றிலிருந்து இருநூற்று அறுபத்தேழைக் கழித்துக்கொண்டிருந்தேன். நடுவில் சைபர் வருகிற கணக்கு, பிள்ளைகளுக்குக் கஷ்டமான கணக்கு. அன்றைக்கு நாலாம் வகுப்பில் வேறு கூச்சல். ஒரு கண் அங்கே, ஒரு கண் இங்கே. பெரிய கட்டைப் பிரித்தால் பத்துக் கட்டு. அதில் ஒரு கட்டைப் பிரித்தால் பத்துக் குச்சி என்று சொல்லிக்கொண்டே பதிமூன்றில் ஏழு போக ஆறு என்று எழுதினேன். அடுத்து, பத்தில் ஆறு போக நாலு என்று எழுதினேன்.

"ஒரு கட்டப் பிரிச்சாச்சுல்ல டீச்சர். அங்க ஒம்பதுதான இருக்கு."

முதுகுக்குப் பின்னால் வந்த குரல். கொஞ்சம் கரகரப்பு. தோட்டத்தில் கேட்டது என் குரலின் நகல். இது அவளுடைய குரல்.

வகுப்பு அப்படியே உறைந்துபோனது. நாலாம் வகுப்புக் கூச்சல்கூட நின்றுவிட்டது. நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் என் முகத்தைப் பார்த்திருப்பாள். நாலை அழித்தேன். மூன்று என்று எழுதினேன்.

"ஆமா. ஒம்பதுதான். ஒம்பதுல ஆறு போனா மூணு." என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. "அடுத்த கணக்க எழுதிக்கங்க."

"ஏ, பேசிருச்சுடி..." என்று யாரோ கிசுகிசுத்தார்கள். நான் பலகையில் ஒரு தட்டுத் தட்டினேன். சிலேட்டுகளில் குச்சி உரசுகிற சத்தம் மெல்லத் தொடங்கியது. அடுத்த கணக்கை எழுதி முடிக்கும் வரை நான் பலகையைப் பார்த்தபடியே நின்றேன். எண்கள் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தன.

சாப்பாட்டு நேரத்தில் வேலுச்சாமி சார் வந்தார். பள்ளியில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளையின் குரலும் அவருக்குத் தெரியும்.

"ஏனுங்க டீச்சர், கணக்குல தப்புப் பண்ணினீங்களாமே?"

"ஆமா சார்."

"வேணும்னே பண்ணினீங்களா?"

"இல்ல சார். நெசமாவே தப்புத்தான்."

"நல்ல தப்புங்க" என்று சொல்லிவிட்டுத் தன் மோர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து நாகஜோதி மடை திறந்த மாதிரி பேசினாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மறுநாள் வருகைப் பதிவில் மௌனமாகத்தான் எழுந்து நின்றாள். ஒரு வாரம் கழித்து இன்னொரு வார்த்தை. பிறகு பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் இரண்டு வார்த்தை. என்னிடம் பேசும்போது மட்டும் கடைசி வரை தரையைப் பார்த்துத்தான் பேசினாள். வருடக் கடைசியில் சார் அறையில் அவருக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டினாள். ழகரம் எல்லாம் ளகரமாகத்தான் வந்ததாம். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போனாள். குடும்பம் பிறகு வேறு ஊருக்கு மாறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வேலுச்சாமி சார் ஓய்வு பெற்றுப் போனார். நானும் இரண்டு பள்ளிகள் மாறினேன்.

கவிதாவுக்கு நான் சொல்ல வேண்டியது இத்தோடு முடிந்தது. ஆனால் இந்த வருடம் நடந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். பக்கத்துப் பேருந்தின் படிக்கட்டு அருகே ஒரே சத்தம். ஒரு பெண் கண்டக்டரோடு மல்லுக்கு நின்றாள். "போன வாரம் நிறுத்துனீங்கள்ல? இன்னைக்கு மட்டும் அந்த ஸ்டாப்பு எங்க போச்சு? பிள்ளையத் தூக்கிக்கிட்டு நான் அம்புட்டுத் தூரம் நடக்கவா?" கூட்டமே வேடிக்கை பார்த்தது. கண்டக்டர் தோற்றுப்போய், "ஏறும்மா, நிறுத்துறேன்" என்றார். அவள் வெற்றியோடு திரும்பினாள். என்னைப் பார்த்தாள்.

வாய் அப்படியே நின்றுவிட்டது. இடுப்பில் ஒரு கைக்குழந்தை, சேலையைப் பிடித்தபடி பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் தரையைப் பார்த்தது. அப்போதுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது.

"நாகஜோதி!"

தலையை ஆட்டினாள். சேலையைப் பிடித்திருந்த பிள்ளையைக் காட்டினாள். "ரெண்டாப்பு படிக்கிறா டீச்சர். இவ பள்ளிக்கூடத்துக்குத்தான் போறேன். பெரிய டீச்சர் வரச் சொல்லியிருக்காங்க."

"ஏன், என்னாச்சு?"

"கிளாஸ்ல ஓயாமப் பேசுறாளாம் டீச்சர்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவளும் சிரிக்கத் தொடங்கினாள். அந்தப் பெண் பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"நான் போய் என்ன டீச்சர் சொல்ல?"

"பேசட்டும்னு சொல்லு."

கண்டக்டர் விசில் அடித்தார். அவள் பிள்ளைகளோடு ஓடிப்போய் ஏறி சன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பேருந்து நகர்ந்தது. சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வண்டி திரும்பும் வரை சொல்லிக்கொண்டே போனாள். நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.